பிள்ளைகளோடு சீரங்கப்பட்டணம்: முதல்முறை கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு

எட்டாம் வகுப்பில் மைசூர்ப் போர்களை நடத்தும்போது வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "சார், சீரங்கப்பட்டணம் எங்கீங்க இருக்குது?" பாதிப் பேர் அது திருச்சிச் சீரங்கம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். வரைபடத்தில் மைசூருக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறினால் அந்தப் பக்கம்தான்" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஈரோட்டிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில், ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும் ஒரு தீவு. ஹைதர் அலியும் திப்புவும் ஆண்ட தலைநகரம்.

நான் நான்கு முறை பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். முதல்முறை செய்த தப்புகளே ஒரு நோட்டுக்கு வரும். அதையெல்லாம் நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பாடம் இங்கேயே

வண்டி பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போகிற ஊருக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். அது இல்லாமல் போனால் தீவில் அவர்கள் பார்ப்பது பழைய சுவர், புல்தரை, ஐஸ் வண்டி, அவ்வளவுதான்.

ஈரோட்டுக்காரர்களுக்கு இது சுலபம். கருங்கல்பாளையத்தில் காவிரிப் பாலத்தின் மேல் நிற்க வையுங்கள். 1792-இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து சீரங்கப்பட்டணத்தில் ஒப்பந்தம் எழுதியபோது திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். பாரமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்), சேலம், திண்டுக்கல் எல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. கோயமுத்தூர்ச் சீமை திப்புவிடமே இருந்தது. 1799-இல் அவர் இறந்த பிறகுதான் அதுவும் கைமாறியது. அதாவது ஏழு வருடம் அக்கரைப் பள்ளிபாளையம் கம்பெனி சீமை, இக்கரை ஈரோடு திப்பு சீமை. தினமும் டவுன் பஸ்ஸில் தாண்டுகிற ஆறு ஒருகாலத்தில் எல்லைக்கோடு என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அந்த எல்லை எங்கே உட்கார்ந்து எழுதப்பட்டது? அங்கேதான் போகப்போகிறோம் என்று சொல்லி நிறுத்திவிடுங்கள்.

சத்தி, கோபி பக்கத்துக்காரர்களுக்கு வேறு சங்கதி இருக்கிறது. மோயாற்றை ஒட்டி இறங்கும் கஜலஹட்டிக் கணவாய்தான் அந்தக் காலத்தில் மைசூர்ப் படை கொங்குக்கு வரும் வழி. 1790 செப்டம்பரில் திப்பு அந்த வழியாக இறங்கி வந்து, சத்தியமங்கலத்துப் பக்கத்தில் கம்பெனிப் படையோடு மோதினார். கணவாயின் வாயில் இருந்த டணாய்க்கன்கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்குள் முழுகிக் கிடக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் அங்கிருந்த கோயில் வெளியே தெரியும். காங்கேயம், சென்னிமலைப் பிள்ளைகளுக்குத் தீரன் சின்னமலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்" என்று சொன்ன கதை வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். வரியைப் பறித்தவர் பின்னாளில் அதே மைசூருக்குத் துணையாகக் கம்பெனியை எதிர்த்தது ஏன்? கேள்வியை மட்டும் போடுங்கள். பதிலைப் பஸ்ஸில் அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

எப்போது போகலாம்

நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை நல்லது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரத்தை மட்டும் தவிர்த்தால் போதும்.

காலாண்டு விடுமுறையில் போகலாமே என்று தோன்றும். அப்போதுதான் மைசூர் தசரா வரும். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கேட்டால் மயக்கம் வரும். ஆகஸ்ட், செப்டம்பருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மழை குறைந்த வருடமானால் காவிரித் தகராறு அந்த மாதங்களில்தான் சூடாகும். சீரங்கப்பட்டணம் இருப்பது மண்டியா மாவட்டத்தில். போராட்டம் என்றால் முதலில் சாலைக்கு வருவது அந்த ஊர்க்காரர்கள்தான். தமிழ்நாட்டு வண்டியில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து செய்தி பாருங்கள். பந்த் அறிவித்தால் தயங்காமல் தேதியைத் தள்ளிப்போடுங்கள். இதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு சங்கடம் இருக்காது.

கிழமையையும் பாருங்கள். தொல்லியல் துறை அருங்காட்சியகங்களில் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா இடத்திலும் கூட்டம். புதன், வியாழன் என் தேர்வு.

அனுமதியும் பணமும்

வெளிமாநிலம் என்பதால் தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் போதாது. கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். எப்படியும் ஒரு மாதம் முன்னாலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பிள்ளைகள் பட்டியல், உடன் வரும் ஆசிரியர்கள், வண்டி விவரம், தங்குமிடம், பயண நேரம் எல்லாம் ஒரே தாளில் இருந்தால் கோப்பு திரும்பி வராது. பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் பிள்ளைக்கு உள்ள நோய், ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். வீசிங் இருப்பதை மறைத்துவிட்டு அனுப்பும் பெற்றோர் உண்டு. படிவத்தில் கேட்டால் எழுதிவிடுவார்கள்.

பணக் கணக்கில் புதியவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். 45 பேர் பெயர் கொடுத்தால் மொத்தச் செலவை 45-ஆல் வகுப்பார்கள். கடைசி வாரத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருவன் வீட்டில் கிடாவெட்டு என்று நான்கைந்து பேர் கழன்றுகொள்வார்கள். வண்டி வாடகையோ குறையாது. 40-ஆல் வகுத்து வாங்குங்கள், மிச்சமிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். வாடகையோடு டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், கர்நாடகத்துக்குக் கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்ந்ததா சேராததா என்று வண்டிக்காரரிடம் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாங்க சார்" என்று சொன்னால் வேறு வண்டி பாருங்கள். நுழைவுச் சீட்டுச் செலவு பெரிதாக வராது. தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. வயதுக்கு அத்தாட்சியாகப் பள்ளி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுவிடுங்கள்.

பணம் கட்ட முடியாத பிள்ளை வகுப்புக்கு இரண்டு மூன்று இருக்கும். பெயர் கேட்கும்போதே கவனித்து, யாருக்கும் தெரியாமல் ஏற்பாடு செய்துவிடுங்கள். எங்கள் பக்கம் பழைய மாணவர்களில் ஒருவரிடம் சொன்னால் அன்றைக்கே முடிந்துவிடும்.

வண்டியும் திம்பமும்

மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தை எடுத்துக்கொண்டு மாநிலம் தாண்டலாம் என்று நினைக்காதீர்கள். அதன் பர்மிட் பிள்ளைகளை வீட்டிலிருந்து பள்ளிக்கு ஏற்றி இறக்குவதற்குக் கொடுத்தது. சுற்றுலா பர்மிட் உள்ள வண்டிதான் வேண்டும். எஃப்சி, இன்சூரன்ஸ் தாள்களின் நகலை முதல் நாளே வாங்கிப் பாருங்கள். திம்பம் மலையில் ஓட்டிப் பழகிய டிரைவராக இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். கோயமுத்தூரிலிருந்து வருகிறவர்களும் சத்தி வந்து ஏறுவதே நல்லது. ஊட்டி வழி என்றால் இ-பாஸ் வேலை வேறு சேர்ந்துகொள்ளும். ரயில்தான் வசதி என்றால் ஈரோடு, சேலம் வழியாக மைசூருக்கு இரவு ரயில் உண்டு, சீரங்கப்பட்டணத்திலேயே ஒரு ஸ்டேஷனும் இருக்கிறது. ஆனால் அங்கே போய் உள்ளூர் வண்டி பிடிக்க வேண்டும். அதோடு மலை ஏறுவது கிடைக்காது. எனக்கு அந்த மலையும் பாடத்தில் சேர்த்திதான்.

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவில் முதல் வாந்தி. இதில் மட்டும் நான் பந்தயம் கட்டத் தயார். காலை ஐந்து மணிக்கு ஈரோட்டில் புறப்படும் பிள்ளைக்குப் பாசத்தில் அம்மா நான்கு பூரி ஊட்டி அனுப்பியிருப்பார். அத்தனையும் பஸ்ஸுக்குள் வந்துவிடும். ஆகவே பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: புறப்படும்போது இரண்டு பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். காலைச் சாப்பாடு மலை ஏறிய பிறகு, ஆசனூரிலோ சாமராஜநகரிலோ. வாந்தி வருகிற பிள்ளைகளை முன் சீட்டில், சன்னலோரம் உட்கார வையுங்கள். ஆளுக்கொரு கெட்டியான கவர், ஒரு எலுமிச்சம்பழம். கவரைக் காட்டுக்குள் வீசக் கூடாது, பஸ்ஸில் ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ணாரியிலிருந்து காரப்பள்ளம் வரை சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். ஆசனூர் ஊருக்குள் தவிர, நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. யானை நிற்பதைப் பார்த்தால் பிள்ளைகள் போடும் சத்தத்தில் அதற்கே பயம் வந்துவிடும். சத்தம் போடக் கூடாது என்பதை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். கரும்பு லாரிக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் யானைகள் அந்தப் பக்கம் சகஜம். இரவு நேரப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. திரும்பி வரும்போது எத்தனை மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று போகும்போதே பண்ணாரிச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எப்போதும் இருட்டுவதற்குள் பண்ணாரி வந்துவிடுகிற மாதிரிதான் திட்டம் போடுவேன்.

தீவுக்குள்: குறைவாகப் பாருங்கள்

இங்கேதான் என் முதல் பயணம் கெட்டது. மைசூர் அரண்மனை, மிருகக்காட்சிசாலை, சாமுண்டி மலை, பிருந்தாவனம், நடுவில் ஒன்றரை மணி நேரம் சீரங்கப்பட்டணம். திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இப்போது இரண்டு நாள், தீவு மட்டும். இரவு மைசூரில் தங்கல், முடிந்தால் அரண்மனையை வெளியே நின்று பார்ப்பது. அதற்கு மேல் கேட்டால், "காலேஜ் போய் நண்பர்களோடு வந்து பாருங்க கண்ணு" என்று சொல்லிவிடுவேன்.

முதல் நாள் பன்னிரண்டு மணிவாக்கில் போய்ச் சேர்வீர்கள். கட்டிக்கொண்டுபோன புளிச்சோறு, தயிர்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கோட்டைக்குள் போகலாம். ரங்கநாதர் கோயில் நடை மதியத்தில் சாத்தியிருக்கும், அதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காவிரியில் மூன்று ரங்கம் என்று சொல்வார்கள். சீரங்கப்பட்டணம் ஆதி ரங்கம், சிவனசமுத்திரம் மத்திய ரங்கம், நம் சீரங்கம் அந்திய ரங்கம். மூன்றுமே ஆற்றுத் தீவு.

கோட்டையில் முதலில் ஆற்றைப் பார்த்த மதிலுக்குக் கூட்டிப்போங்கள். 1799 மே 4 அன்று பட்டப்பகலில் கம்பெனிப் படை ஆற்றைக் கடந்து, பீரங்கியால் இடித்த மதில் வழியாக உள்ளே புகுந்தது. ஏன் மே மாதம்? இந்தக் கேள்விக்குக் கொங்குப் பிள்ளைகள் டக்கென்று பதில் சொல்வார்கள், ஏனென்றால் சித்திரையில் பவானியில் காவிரி எப்படிக் கிடக்கும் என்று பார்த்தவர்கள். தண்ணீர் வற்றிப் பாறை தெரியும். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் மழைத் தண்ணீர் வந்து தீவைச் சுற்றி அகழி மாதிரி நிறைந்திருக்கும். கம்பெனிக்காரர்கள் அவசரப்பட்டதற்கு அதுவே காரணம். ஒருமுறை மதில்மேல் நின்று இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இந்தத் தண்ணிதானுங்களா நம்ம கூடுதுறைக்கு வருது?" என்று கேட்டாள். ஆமாம், சிவனசமுத்திரம், ஒகேனக்கல், மேட்டூர் தாண்டி அங்கேதான் வருகிறது என்றேன். கையில் இருந்த காய்ந்த இலையை ஆற்றுப் பக்கம் போட்டுவிட்டு, எத்தனை நாளில் பவானிக்கு வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். மேட்டூர் அணையை அவளுக்கு ஞாபகப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தது பெய்லி பாதாளச் சிறை. வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய வளைவுக் கூரை, தரையோடு தாழ்ந்த அறை, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் பலகைகள், அவற்றில் துளைகள். கைதிகளின் கையைச் சங்கிலியால் கட்டுவதற்கு. நடுவில் ஒரு பீரங்கி கிடக்கும், முற்றுகையின்போது கூரையை உடைத்துக்கொண்டு விழுந்தது என்பார்கள். இங்கே பிள்ளைகள் குரல் தானாகவே தணிந்துவிடும். திப்புவின் உடல் கிடைத்த இடம் நடக்கிற தூரம்தான், ஒரு சிறிய கல்வெட்டு இருக்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று இருக்கிறது. இரட்டை ரயில் பாதை போட வழிவிட வேண்டி, 2017-இல் கட்டிடத்தை இடிக்காமல் அப்படியே பெயர்த்து நூறு மீட்டருக்கும் மேல் நகர்த்தி வைத்தார்கள். வரலாறு பிடிக்காத பையன்கூட இதற்கு வாய் பிளப்பான். ராக்கெட் பேச்சையும் அங்கேயே எடுக்கலாம். இரும்புக் குழாயில் மருந்து கிட்டித்து மூங்கிலில் கட்டிய மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். நாசாவின் வாலப்ஸ் தளத்தில் திப்புவின் ராக்கெட் படை ஓவியம் மாட்டியிருந்ததைப் பார்த்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார்.

இரண்டாம் நாள் காலை தரியா தௌலத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் கூட்டம் தாங்காது. 1784-இல் முடித்த தேக்குமர மாளிகை. மேற்குச் சுவரில் 1780-இல் காஞ்சிபுரத்துப் பக்கம் பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையைத் தோற்கடித்த சண்டை வரைந்திருக்கிறது. உள்ளே படமெடுக்க அனுமதியில்லை, அதுவும் நல்லதற்குத்தான். நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஆளுக்கொரு கேள்வி. பல்லக்கில் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார்? வெடிப்பது எது? யார் முகத்தில் பயம் இருக்கிறது, யார் முகத்தில் இல்லை? அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பல்லக்கில் இருப்பவர்தான் கர்னல் பெய்லி, நேற்றுப் பார்த்த சிறைக்குப் பெயர் தந்தவர்.

பிறகு, இதை வரையச் சொன்னது யார் என்று கேளுங்கள். ஜெயித்தவர். 1799-க்குப் பிறகு இதே ஊரைப் பற்றி இங்கிலாந்தில் வரைந்த படங்களில் திப்பு விழுந்து கிடப்பார். "திப்பு நல்லவரா கெட்டவரா சார்?" என்ற கேள்வி எப்படியும் வரும். மேடைப் பேச்சுகளில் கேட்டதை வைத்துச் சண்டைகூட வரும். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. இதே சுவரைக் காட்டி, "இதை யார் சொல்றாங்க, அவங்களுக்கு என்ன லாபம்னு பாத்தியா?" என்று திருப்பிக் கேட்டுவிடுவேன்.

அங்கிருந்து கும்பஸ். ஹைதர் அலி, மனைவி ஃபக்ருன்னிசா, திப்பு மூவரின் சமாதி. சுற்றி நிற்கும் கறுப்புக் கல் தூண்களில் முகம் தெரியும். இது வழிபாட்டிடமும்கூட, செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாகப் போய்வர வேண்டும். கடைசியாகச் சங்கமம், தீவின் கிழக்கு முனையில் இரண்டு கிளைகளும் சேரும் இடம்.

சங்கமத்தில் ஒரே விதி: யாரும் ஆற்றில் கால் வைக்கக் கூடாது. ஆசிரியர்களும் சேர்த்துத்தான். மேலே கிருஷ்ணராஜசாகர் அணை இருக்கிறது, அடியில் பாறை வழுக்கும், எங்கே ஆழம் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பரிசலும் வேண்டாம். படிக்கட்டுக்கு மேலே நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பகல் ஒரு மணிக்குள் வண்டி கிளம்பிவிட வேண்டும்.

தலை எண்ணுவது

பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். பெண் பிள்ளைகள் இருந்தால் குறைந்தது இரண்டு டீச்சர்கள், அவர்கள் பையில் நாப்கின். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுங்கள். தலை எண்ணினால் 42 வரும், ஆனால் பக்கத்துப் பள்ளிப் பிள்ளை ஒன்று நம் வரிசையில் நிற்கும். ஜோடியைக் கேட்டால் ஏமாற முடியாது.

இது பட்டுத் தெரிந்தது. பெய்லி சிறையில் எல்லோரும் ஏறி வெளியே வந்து, பஸ் நோக்கிப் பாதி தூரம் நடந்த பிறகு ஒருவன் குறைந்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், கல் பலகைக்கு முன்னால் முதுகைச் சுவரில் ஒட்டி, இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். "எவ்வளவு நேரம் கை வலிக்காம நிக்க முடியுதுன்னு பாத்தனுங்க சார்" என்றான். திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. அன்றிலிருந்து எல்லோருக்கும் கடைசியில் வெளியே வரும் ஆசிரியர் யார் என்று ஒவ்வொரு இடத்துக்கும் முன்கூட்டியே பெயர் சொல்லிவிடுகிறோம்.

முதலுதவிப் பெட்டி, ஓஆர்எஸ் பொட்டலம், எல்லாப் பெற்றோர் எண்ணும் எழுதிய தாள் இரண்டு பிரதி. 108, 112 இரண்டும் கர்நாடகத்திலும் கிடைக்கும். பெற்றோரைக் கேட்காமல் மாத்திரை கொடுக்க வேண்டாம். மொழிக்குக் கவலைப்படாதீர்கள், சாமராஜநகரிலிருந்து மைசூர் வரை தமிழ் தெரிந்த கடைக்காரர் எப்படியும் இருப்பார்.

திரும்பிய பிறகு

இரவு இறங்கும்போது பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும். "பக்கத்து வீட்டு அண்ணன் வந்திருக்காரு" என்றால் அம்மாவிடம் போன் பேசிவிட்டு அனுப்புங்கள். ஒரு வாரத்துக்குள் வரவு செலவை ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மிச்சப் பணத்தைக் கவரில் போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புங்கள். போன முறை தலைக்கு அறுபது ரூபாய் மிஞ்சியது. அடுத்த வருடத்துக்குப் பெயர் கொடுக்க அந்த வாரமே எட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.